மூத்தோர் குடியிருப்புப் பங்குகள்: பணம் போடுவது முதுமையிலா, மனையிலா?

தமிழ்நாட்டில் 60 வயதைக் கடந்தோர் 2011 கணக்கெடுப்பின்போது நூற்றுக்குப் பத்துப் பேருக்குச் சற்று மேல் இருந்தார்கள். மத்திய அரசின் மக்கள்தொகை முன்கணிப்பு 2021-க்கு 13.6 விழுக்காடு என்றும், 2031-க்கு 18.2 விழுக்காடு என்றும் சொல்கிறது. பெரிய மாநிலங்களில் கேரளத்துக்கு அடுத்த இடம் நமக்குத்தான். இந்த எண்களை அடுக்கிவிட்டு, மூத்தோர் குடியிருப்பு கட்டும் கம்பெனிகளின் பங்கை வாங்கிப் போடுங்கள் என்று முடிக்கும் பேச்சு பங்குச் சந்தை வட்டாரத்தில் இப்போது சகஜம். எண்களில் பிழையில்லை, அவற்றிலிருந்து எடுக்கும் முடிவுதான் இடறுகிறது. முதியோர் தலைக்கு மேலுள்ள கூரைக்கு யார் பணம் கொடுத்தார்கள் என்ற வரலாற்றை அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் நின்று பார்த்தால், இந்தப் பங்குகளின் ஏற்ற இறக்கம் முதியோர் தொகையைவிட மனை விலையையே அதிகம் சார்ந்தது என்பது புலப்படும்.

முதல் கட்டத்தில் முதலீட்டாளர் என்று யாருமே கிடையாது. 1782 பஞ்சத்தின்போது ராயபுரம் பக்கம் கஞ்சி ஊற்றத் தொடங்கிய மணியக்காரர் சத்திரம் பின்னாளில் ஆதரவற்ற முதியோரின் புகலிடமானது; அதன் பக்கத்தில் வளர்ந்த ஸ்டான்லி மருத்துவமனையை இன்றும் வடசென்னையில் கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி என்பவர்கள் உண்டு. பூந்தமல்லியில் ஆங்கிலப் படையினர் உடல்தேற ஒரு முகாம் இருந்தது. அதன் செலவு சர்க்கார் கணக்கில். அம்பத்தூர் கள்ளிக்குப்பத்தில் கட்டணமின்றி நடக்கும் ஆனந்தம் முதியோர் இல்லம் இந்த மரபின் இன்றைய வடிவம். நன்கொடையோ வரிப்பணமோ கொண்டு நடந்த இவற்றில் லாபப் பங்குக்கு இடமே இல்லை.

மாற்றத்துக்கு விதை போட்டது தொழிற்சாலை. 1949-இல் அம்பத்தூரில் டிஐ சைக்கிள்ஸ் வந்தது, அடுத்து டன்லப், 1961-இல் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை, 1960-களில் அம்பத்தூர் தொழிற்பேட்டை. ஒரே ரயில் பாதையில் வேலைக்குப் போய்வந்த இந்தத் தொழிலாளர்கள் ஓய்வுபெற்றபோது இரண்டு சாதியாகப் பிரிந்தார்கள். ஆவடி பாதுகாப்புத் தொழிற்சாலைக்காரருக்கு அகவிலைப்படியோடு ஏறும் ஓய்வூதியம். அம்பத்தூர் தனியார் ஆலைக்காரருக்கு 1995-ஆம் ஆண்டின் வைப்புநிதி ஓய்வூதியத் திட்டம். அதில் கணக்கிடும் சம்பளத்துக்கு 15,000 ரூபாய் உச்சவரம்பு. அதைப் பணியாண்டுகளால் பெருக்கி 70-ஆல் வகுக்க வேண்டும். வரம்புக்குள் சந்தா கட்டிய ஒருவருக்கு முப்பது ஆண்டு உழைப்புக்கும் மாதம் ஏழாயிரம் தேறாது. குறைந்தபட்ச ஓய்வூதியமோ 2014 முதல் 1,000 ரூபாய்தான். சாப்பாடு, செவிலியர், காவல் எல்லாம் சேர்ந்த மூத்தோர் குடியிருப்பின் மாதக் கட்டணத்தை இவர் எதைக் கொண்டு கட்டுவார்? ஆவடிக்காரரின் நிலையும் மாறி வருகிறது. 2004 ஜனவரி 1 முதல் மத்திய அரசின் சிவில் பணிகளில் சேர்ந்தவர்கள் சந்தையோடு பிணைந்த புதிய ஓய்வூதியத் திட்டத்துக்குள் வந்தார்கள். ஒருங்கிணைந்த ஓய்வூதியம் என்ற மாற்று வழி 2025-இல்தான் திறந்தது. ஆக, வயதானவர்களின் தொகை கூடுகிறது என்பதாலேயே வாங்கக்கூடியவர்களின் தொகை கூடுகிறது என்று கொள்ள முடியாது.

பி.எஃப்., கிராஜுவிட்டி என்று மொத்தமாகக் கைக்கு வந்த பணத்தை இவர்கள் எங்கே போட்டார்கள் என்பது இன்னும் முக்கியம். திருமுல்லைவாயலிலும் பட்டாபிராமிலும் அரை கிரவுண்டு, ஒரு கிரவுண்டு வாங்கினார்கள். கீழே தாங்கள், மாடியில் வாடகை. பத்திரமும் பட்டாவும் கையில் இருந்தால்தான் வீடு என்ற இந்த மனப்பாங்கே மூத்தோர் குடியிருப்புத் தொழிலின் வடிவத்தையும் தீர்மானித்தது. 2000-க்குப் பிறகு கோவையைச் சுற்றி எழுந்த குடியிருப்புகளில் பெரும்பாலானவை வீட்டைக் கிரயம் செய்து கொடுப்பவை. பிவாடியில் தொடங்கி, சென்னைக்குத் தெற்கே மறைமலை நகர் வரை வந்த ஆஷியானா ஹவுசிங்கும் அப்படித்தான். பங்குச் சந்தையில் இருக்கும் அந்தக் கம்பெனி சாதாரண அடுக்ககங்களும் கட்டி விற்கிறது. இம்முறையில் கட்டுமானத்துக்குப் பணம் தருவதே வாங்கும் முதியவர்தான். 2016 ரியல் எஸ்டேட் சட்டம் அவர் தரும் தொகையில் 70 விழுக்காட்டைத் தனிக் கணக்கில் போட்டு அந்தத் திட்டத்துக்கே செலவிடச் சொல்கிறது. சாவி கைமாறியதும் லாபம் கணக்கில் ஏறும்; அதன்பின் வீட்டு விலை ஏறினால் அது உரிமையாளருக்கு. பங்குதாரருக்கு மிஞ்சுவது கட்டுநரின் லாபம். அடுத்த லாபத்துக்கு அடுத்த நிலம் வாங்கியாக வேண்டும்.

நியூசிலாந்தில் கதை வேறு என்பார்கள். பார்க்கலாம். அங்கே முதியவர் வாங்குவது குடியிருக்கும் உரிமையை மட்டுமே. உதாரணத்துக்கு, ஒருவர் ஐந்து லட்சம் டாலர் கட்டிக் குடிவருகிறார். ஒப்பந்தப்படி 30 விழுக்காடு கழிவு. அவர் காலத்துக்குப் பின் கம்பெனி ஒன்றரை லட்சத்தைப் பிடித்துக்கொண்டு மூன்றரை லட்சத்தைக் குடும்பத்துக்குத் திருப்பித் தருகிறது. அதே வீட்டை ஆறு லட்சத்துக்கு அடுத்தவருக்குக் கொடுத்தால் ஏறிய ஒரு லட்சமும் பெரும்பாலும் கம்பெனிக்கே. கெட்டிக்கார ஏற்பாடுதான். 1999-இல் சந்தைக்கு வந்த ரைமன் ஹெல்த்கேர் இதை வைத்தே இருபது ஆண்டுகள் பங்குதாரர்களை மகிழ்வித்தது. பிறகு வட்டி ஏறியது, வீட்டுச் சந்தை படுத்தது. தன் பழைய வீட்டை விற்க முடியாத முதியவர் குடிவரவில்லை. கட்டி முடித்த வீடுகள் தேங்கின, கடன் நின்றது. 2023-இல் கம்பெனி பங்கு ஒன்று 5 டாலர் என்று 902 மில்லியன் நியூசிலாந்து டாலர் திரட்டியது, ஈவுத்தொகையையும் நிறுத்தியது. 2025-இல் இன்னும் ஒரு பில்லியன் வேண்டியிருந்தது. இம்முறை விலை 3.05. இந்த ஆண்டுகளில் அந்நாட்டில் முதியோர் தொகை குறையவில்லை, கூடியது. முதுமைதான் இப்பங்கின் அடித்தளம் என்பவர்கள் முதலில் பதில் சொல்ல வேண்டியது இதற்குத்தான்.

வலுவான மறுப்பு ஒன்று இருக்கிறது. வீடு விற்பதை விட்டுவிட்டு, பராமரிப்புக்கு மாதக் கட்டணம் வாங்கும் தொழிலாக இது மாறும்போது மனையோடு உள்ள முடிச்சு அவிழ்ந்துவிடாதா? கொள்கையளவில் அவிழும். டேராடூனில் அந்தாரா குடியிருப்பைத் தொடங்கி, 2020-இல் தனியாகச் சந்தைக்கு வந்த மேக்ஸ் இந்தியா, பராமரிப்பு இல்லங்களையும் வீட்டுக்கே வரும் செவிலியர் சேவையையும் சேர்த்து நடத்துகிறது. ஆனால் சேவைத் தொழிலில் சம்பளமே பெருஞ்செலவு. படுக்கைகள் நிரம்பும்வரை கையிலிருந்துதான் போட வேண்டும். அக்கம்பெனியின் ஆண்டுக் கணக்குகள் தொடர்ந்து இழப்பையே காட்டி வந்திருக்கின்றன. நாளை அது லாபத்துக்குத் திரும்பலாம். அப்படித் திரும்பினாலும் அதற்குக் காரணம் ஓய்வூதியத்தின் கனமாக இருக்கும், 18.2 என்ற எண்ணாக இருக்காது. அம்பத்தூர்க் கணக்கு அதைத்தான் காட்டியது.

இப்பங்கு மனை விலையோடு சேர்ந்து இறங்குவது பெருவாரியான நடுத்தரக் குடும்பங்களுக்குப் பெரிய இழப்பில்லை என்று தோன்றலாம். பங்கு பிடிக்காவிட்டால் விற்றுவிட்டுப் போகலாமே. ஆனால் சேமிப்பில் பெரும்பகுதியை ஏற்கெனவே மண்ணில் போட்டிருப்பவருக்கு நிலைமை வேறு. திருமுல்லைவாயலில் சொந்த வீடு வைத்திருக்கும் ஓய்வுபெற்றவர் பணத்தைப் பிரித்துப் போடுவதாக நினைத்து இப்பங்கை வாங்கினால், மனைச் சந்தை படுக்கும் ஆண்டில் வீட்டின் மதிப்பும் பங்கின் மதிப்பும் சேர்ந்தே இறங்கும். வாங்கியே தீருவேன் என்பவர்கள் கம்பெனியின் ஆண்டறிக்கையில் ஒரே ஒரு விவரத்தையாவது தேடிப் பார்க்கட்டும்: வருமானத்தில் வீட்டு விற்பனையிலிருந்து வந்தது எவ்வளவு, மாதக் கட்டணத்திலிருந்து வந்தது எவ்வளவு. முன்னது பெரிதாக இருந்தால், எந்தக் கட்டுமானக் கம்பெனிப் பங்குக்கும் கொடுக்கும் விலைக்கு மேல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம்.