காணிக்கை: கண்டு கொடுப்பது

ஞாயிறு திருப்பலியில் மன்றாட்டுகள் முடிந்து மக்கள் உட்கார்ந்ததும் காணிக்கைப் பாட்டு தொடங்கும். துணிப்பை வரிசை வரிசையாகக் கைமாறி வரும். திருவிழா நாளென்றால் வாசலிலிருந்து பீடம்வரை பவனி போகும். முன்னால் அப்பமும் இரசமும், பின்னால் வாழைத்தார், பூசணிக்காய், நெல் மூட்டை, சேவல். திருக்கோவிலூருக்குப் பக்கத்தில் இருக்கும் முகையூர் மகிமை மாதா கோயிலானாலும், புதுவை-கடலூர் உயர்மறைமாவட்டத்தின் வேறு எந்தக் கிராமத்துப் பங்கானாலும், இப்படிக் கொடுப்பதற்கெல்லாம் பெயர் ஒன்றுதான்: காணிக்கை.

காண் என்ற வினையில் பிறந்த சொல் இது. மலையாளத்தில் காணிக்க, கன்னடத்தில் காணிகெ, தெலுங்கில் கானுக என்று உடன்பிறந்தவை இருக்கின்றன. காணியிலிருந்து வந்தது காணிக்கை என்று சிலர் விளக்கம் சொல்லக் கேட்டிருக்கிறேன். விவசாய ஊர்களில் அப்படித் தோன்றுவது இயல்பு. இந்தப் பக்கத்துக் காணி நூறு குழி, அதாவது 57,600 சதுர அடி. நிலத்தின் விளைச்சலில் ஒரு பங்கைக் கோயிலுக்குத் தருவதால் காணிக்கை என்று சொன்னால் கேட்கப் பொருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் சொல்லின் பழைய பொருள் நிலத்தைச் சேர்ந்ததல்ல, பார்வையைச் சேர்ந்தது. அரசரையோ குருவையோ ஊர்ப் பெரியவரையோ காணப் போகிறவர் வெறுங்கையோடு போகக்கூடாது. காணும்போது கையில் இருப்பது காணிக்கை. பெரிய மனிதர் ஒருவரைப் பார்க்கப் போகும்போது எலுமிச்சம்பழம் எடுத்துப் போகிற வழக்கத்தில் அந்தப் பழைய பொருள் இன்னும் அப்படியே இருக்கிறது.

அன்பினால் தந்தது அதிகாரத்தின் கையில் கடமையாகிவிடும். விஜயநகரக் காலத்துக் கல்வெட்டுகள் சொல்லும் வரிப் பட்டியல்களில் காணிக்கையும் ஒன்று. குடிகள் தலைவனைக் கண்டாலும் காணாவிட்டாலும் கொடுத்தாக வேண்டிய பணமாக அது மாறிவிட்டது. இந்தக் கறை இன்றும் முழுதாகப் போகவில்லை. திருவிழாவில் யார் முதலில் தூக்கி வருவது, யார் பெயரை ஒலிபெருக்கியில் முதலில் வாசிப்பது என்று கிளம்பும் சச்சரவுகளைக் கேட்கும்போது அந்தப் பழைய தர்பார் நினைவுக்கு வருகிறது. எனக்கு அது வேதனை தருகிறது.

கொடுப்பதற்குத் தமிழில் சொற்கள் ஏராளம். ஒவ்வொன்றும் இருவர் நிற்கும் இடத்தையும் சேர்த்தே சொல்லும். தொல்காப்பியர் இதை நுணுக்கமாகப் பிரித்திருக்கிறார். தாழ்ந்த நிலையில் இருப்பவன் கேட்கும் சொல் ஈ. ஒத்தவன் கேட்பது தா. உயர்ந்தவன் கேட்பது கொடு. ஈ என்று கேட்பவன் கீழே நிற்பதால், ஈகை என்றதுமே ஈபவர் மேலே போய்விடுகிறார். வள்ளுவரும் வறியவர்க்குத் தருவதை மட்டுமே ஈகை என்கிறார். மற்றதெல்லாம் திரும்ப வரும் என்று கணக்குப் பார்த்துத் தருவது என்று ஒதுக்கிவிடுகிறார். அவர் கணக்கில் அரசனுக்குத் தந்த காணிக்கை இந்த இரண்டாம் வகையைத்தான் சேரும்.

ஆனால் காணிக்கையில் இருவரும் நிற்கும் இடம் வேறு. இங்கே கொடுப்பவர் தாழ்ந்து நிற்கிறார். பெறுபவர் உயரத்தில் இருக்கிறார். இந்தச் சொல் கோயிலுக்குள் வந்ததன் அருமை எனக்கு இங்கேதான் தெரிகிறது.

போர்த்துக்கீசியக் குருக்களின் காலத்திலிருந்து தமிழ்க் கத்தோலிக்கருக்கு வந்து சேர்ந்த வெளிச்சொற்கள் கொஞ்சமல்ல. திருவிழாவில் காணிக்கையாக வந்த சேவலையும் தேங்காயையும் ஏலம் விடுகிறோமே, அந்த ஏலமே போர்த்துக்கீசிய ‘லெய்லாவ்ங்’தான். பணம் போடும் உண்டியலோ வடக்கத்தி வணிகர்களின் ‘ஹுண்டி’. பணத்தை ஓர் ஊரில் கட்டி வேறோர் ஊரில் பெற்றுக்கொள்ளும் முறிச்சீட்டு அது. இலங்கையில் இன்றும் உண்டியல் என்றால் முறைசாராப் பணமாற்று என்றும் பொருள். இப்படிப் பெட்டிக்கும் ஏலத்துக்கும் வெளியிலிருந்து சொல் வந்தது. கொடுக்கும் செயலுக்கு மட்டும் இந்த மண்ணின் சொல்லே போதுமானதாக இருந்தது.

அந்தச் சொல் போய்ச் சேர்ந்த சடங்கோ மிகப் பழையது. 2ஆம் நூற்றாண்டின் நடுவில் ரோமில் வாழ்ந்த புனித ஜஸ்டின், ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் வசதி உள்ளவர்கள் விருப்பம்போல் தருவதைத் தலைவரிடம் சேர்ப்பார்கள் என்று எழுதியிருக்கிறார். அநாதைகள், கைம்பெண்கள், நோயாளிகள், சிறையில் இருப்பவர்கள், வழிப்போக்கர்கள் ஆகியோருக்கு அதிலிருந்து உதவுவது தலைவரின் பொறுப்பு. இன்றைய திருப்பலி நூலின் பொதுப் படிப்பினையும் இதையே சொல்கிறது: ஏழைகளுக்காகவோ கோயிலுக்காகவோ பணமும் பிற பொருள்களும் கொண்டுவரலாம்; ஆனால் அவற்றை நற்கருணைப் பீடத்தின் மேல் வைக்கக்கூடாது, தகுந்த வேறிடத்தில் வைக்க வேண்டும். பீடத்தின் மேல் அப்பமும் இரசமும் மட்டும். நெல் மூட்டை பக்கத்தில் இருக்கும், ஏனென்றால் அது அங்கிருந்து இன்னொரு வீட்டுக்குப் போக வேண்டும்.

ஆக, ஆண்டவனைக் காணக் கொண்டுவந்தது ஏழை வீட்டின் அடுப்புக்குப் போகிறது. மத்தேயு நற்செய்தியின் 25ஆம் அதிகாரத்தில், இறுதித் தீர்ப்பில் நிற்பவர்கள் ஒரே கேள்வியைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள்: உம்மை எப்போது பசியோடு கண்டோம், எப்போது நோயுற்றுக் கண்டோம்? அங்கேயும் வினை காண்தான். காணிக்கை என்ற சொல்லைத் தெரிந்தெடுத்தவர்கள் இதை நினைத்துச் செய்தார்களோ இல்லையோ, தமிழில் அந்தப் பகுதியைப் படிக்கும்போதெல்லாம் சொல்லின் வேர் என் கண்ணில் படாமல் இருப்பதில்லை.

பசித்தவரைக் கண்டு கொடுப்பதற்கு நம் ஊர்ப்பக்கத்தில் ஒரு வரலாற்றுப் பின்னணியும் உண்டு. 1876 முதல் 1878 வரை, தாது வருடப் பஞ்சம் சென்னை மாகாணத்தை வாட்டியபோது, புதுச்சேரி மிஷனில் பணியாற்றிய பாரிஸ் வேதபோதக சபைக் குருக்கள் பசித்தவர்களுக்கு நிவாரண வேலை செய்தார்கள். ஆயிரக்கணக்கானோர் அந்த நாள்களில் திருமுழுக்குப் பெற்றார்கள். அப்படிப் பிறந்த பங்குகளில் இன்று காணிக்கைப் பை சுற்றி வருகிறது. வாங்கிய கைகளின் வழிவந்தவர்கள் கொடுக்கும் கைகளாக ஆகியிருக்கிறார்கள்.

கொடுப்பதைவிடக் காண்பது கடினம் என்று திருக்கோவிலூரைச் சுற்றிய இதே பெண்ணையாற்றுக் கரை நாட்டில் ஒருவர் சொல்லியிருக்கிறார். கடையெழு வள்ளல்களில் ஒருவனான மலையமான் திருமுடிக்காரியைப் பார்த்துக் கபிலர் பாடிய புறநானூற்று 121ஆம் பாட்டு அது. வாரி வழங்குவது எளிது, வந்தவரின் தகுதியை அறிவதுதான் அரிது, எல்லாரையும் ஒரே பார்வையில் பார்ப்பதை விட்டுவிடு என்கிறார். புலவர்களுக்காகச் சொன்னதுதான். ஆனாலும் எந்தக் கதவுக்குள் எந்தத் துன்பம் இருக்கிறது என்று தெரியாமல் கொடுக்கும் எவருக்கும் அது பொருந்தும்.

அந்தக் கதவைத் தட்டுவதையே வேலையாகக் கொண்டது வின்சென்ட் தே பால் சபை. 1833இல் பாரிசில் ஃபிரெடெரிக் ஓசானாம் என்ற இருபது வயது மாணவர் நண்பர்களோடு தொடங்கியது. ஏழைகளின் வீடுகளை அறிந்திருந்த ரோசாலி ராந்து என்ற அருட்சகோதரி அவர்களுக்கு வழிகாட்டினார். வாரக் கூட்டத்தின்போது ஒரு பை மறைவாகச் சுற்றி வரும். யார் எவ்வளவு போட்டார் என்பது யாருக்கும் தெரியாது. பிறகு இருவர் இருவராக வீடுகளுக்குப் போக வேண்டும். ஆள் அனுப்பிப் பொருளைச் சேர்ப்பித்தால் போதாது, நேரில் போய் உட்கார்ந்து பேச வேண்டும் என்பது அந்தச் சபையின் முறை. மரியாயின் சேனையாரும் அன்பியக் குழுக்களும் செய்கிற வீடு சந்திப்பும் இந்த வகைதான்.

நம் ஊர்ப்பக்கம் அப்படிப் போகிறவர்கள் வாசலில் நின்று என்ன சொல்வார்கள் என்று கவனித்துப் பாருங்கள். அரிசிப் பை கையில் இருந்தாலும் கொடுக்க வந்தோம் என்று சொல்லமாட்டார்கள். “ஒண்ணுமில்லம்மா, சும்மா உங்களப் பாத்துட்டுப் போலாம்னு வந்தோம்” என்பார்கள். பை திண்ணையோரமாகப் போய் உட்காரும். அந்த அம்மா பாயை உதறிப் போடுவார்.