மூன்று சீட்டும் ஐந்து சீட்டும்

சங்கரன்கோவிலில் சீட்டு விளையாடக் கற்றுக்கொண்ட எவரும் அதை யாரிடமிருந்து கற்றார் என்று சொல்லத் தயங்குவார். எங்களுக்கும் அந்தத் தயக்கம் உண்டு. தறிகளின் ஓசை அடங்கியபின் ஏதோ ஒரு திண்ணையில் துண்டு விரியும். நான்கைந்து பேர் சுற்றி அமர்வார்கள். சிறுவர்களாகிய நாங்கள் முதுகுக்குப் பின்னால் நின்று பார்ப்போம். ரம்மி என்றால் ஊர்ப் பெரியவர்கள் கண்டும் காணாமல் போவார்கள். மூணு சீட்டு என்றால் முகம் சுளிப்பார்கள். கட்டும் ஒன்றே, திண்ணையும் ஒன்றே. பின் ஏன் இந்த வேற்றுமை? வெகுகாலம் கழித்துப் போக்கரின் விதிகளைக் கற்க முயன்றபோதுதான் அக்கேள்வி எங்களிடம் திரும்பி வந்தது.

சீட்டுக்கட்டு நம் பக்கத்துக்குக் கடல்வழி வந்த பொருள் என்பதற்கு அதன் பெயர்களே சான்று. நாம் கிளாவர் என்று சொல்லும் இனத்துக்கு ஆங்கிலத்தில் வேறு பெயர். டச்சு மொழியிலோ இன்றும் ஏறத்தாழ அதே பெயர்தான். 1658இல் தூத்துக்குடியைப் போர்த்துக்கீசியரிடமிருந்து கைப்பற்றியவர்கள் டச்சுக்காரர்கள் என்பதை இங்கே நினைவுகூரலாம். மூணு சீட்டோ பின்னால் வந்த ஆங்கிலேயரின் 'பிராக்' என்னும் ஆட்டத்தின் வழித்தோன்றல் என்பர். அதே பிராக்குக்குப் போக்கரும் உறவு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நியூ ஆர்லியன்ஸ் பக்கம் உருவான போக்கர், முதலில் இருபது சீட்டுகளைக் கொண்டே ஆடப்பட்டது.

இன்று உலகெங்கும் பரவியிருக்கும் 'டெக்ஸாஸ் ஹோல்டெம்' வகையின் விதிகள் எளியவை. ஒவ்வொருவருக்கும் கவிழ்த்த இரண்டு சீட்டுகள். நடுவில் எல்லோருக்கும் பொதுவாக முதலில் மூன்று, பின் ஒன்று, பின் இன்னொன்று என ஐந்து சீட்டுகள் திறக்கப்படும். இந்த ஏழில் சிறந்த ஐந்தே ஒருவருடைய கை. சீட்டுகள் விழும் கட்டங்களுக்கிடையே நான்கு முறை பந்தயம் கட்ட வேண்டும்; கட்ட மனமில்லாதவர் சீட்டைக் கவிழ்த்துவிட்டு விலகலாம்.

இதுவரை சிக்கல் இல்லை. எங்களைத் தடுமாற வைத்தது கைகளின் தரவரிசை. மூணு சீட்டில் அடுத்தடுத்த எண்கள் வந்தால், ஒரே இனச் சீட்டுகள் மூன்று வந்ததை வென்றுவிடும். போக்கரில் நேர்மாறாக, ஒரே இனம் ஐந்து வந்தால் அடுத்தடுத்த எண்களை வெல்லும். இது யாருடைய விருப்பமோ என்றுதான் முதலில் நினைத்தோம். கணக்கிட்டுப் பார்த்தபின் தெளிந்தது. ஐம்பத்திரண்டில் மூன்று சீட்டுகளை எடுக்க 22,100 வழிகள்; அவற்றுள் எண் வரிசை அமைவன 720, ஒரே இனமாக அமைவன 1,096. ஐந்து சீட்டுகளை எடுக்க 25,98,960 வழிகள். எண் வரிசை 10,200, ஒரே இனம் 5,108. அரியது மேலே நிற்கிறது, அவ்வளவே. ஆனால் மூணு சீட்டின் உச்சியில் இந்த நியாயம் பிசகுகிறது. ஒரே எண் மூன்று வருவதற்கு 52 வழிகள். ஒரே இனத்தில் எண் வரிசை அமைவதற்கு 48 வழிகளே. எனினும் முன்னதற்கே முதலிடம். திண்ணையில் யாரும் இதைக் கேட்டதாக நினைவில்லை!

ஊர் உணர்ந்திருந்த வேற்றுமைக்கு 1967 நவம்பரில் உச்சநீதிமன்றம் சட்ட வடிவம் தந்தது. செகந்திராபாத் மன்றம் ஒன்றில் ரம்மி ஆடியது பற்றிய வழக்கு அது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி இதயதுல்லா. விழுந்த சீட்டுகளை நினைவில் இருத்தவும், எதை வைத்துக்கொள்வது, எதை எறிவது என முடிவு செய்யவும் வேண்டியிருப்பதால் ரம்மி பெரிதும் திறமை சார்ந்த ஆட்டம் என்றார் அவர். மூன்று சீட்டு ஆட்டமோ முற்றிலும் அதிர்ஷ்டம்.

தீர்ப்பின் முதற்பாதியில் எமக்கு மாறுபாடில்லை. இரண்டாம் பாதி சீட்டை மட்டுமே பார்த்தது, பந்தயத்தைப் பார்க்கவில்லை என்றே எண்ணுகிறோம். மூணு சீட்டில், தன் சீட்டைப் பாராமலே 'பிளைண்டு' ஆடுபவர், பார்த்து ஆடுபவர் வைப்பதில் பாதி வைத்தால் போதும். ஒன்றுமில்லாத கையோடு பணத்தை ஏற்றி, நல்ல கை வைத்திருப்பவரை விலகச் செய்பவரைத் திண்ணையில் கண்டிருக்கிறோம். அதற்கு எதிராளியின் முகத்தை அறிந்திருக்க வேண்டும்; அவர் வீட்டு நிலைமையையும்தான். அதைத் திறமை என்று சொல்லக் கூச்சமாக இருக்கிறது. அதிர்ஷ்டம் என்றும் சொல்ல இயலவில்லை. கோவில்பட்டிக்கு அப்பால் எட்டயபுரத்தில் பிறந்த பாரதி, 'பாஞ்சாலி சபத'த்தில் சூதாட்டத்துக்கென ஒரு சருக்கமே ஒதுக்கினான். அந்த ஆட்டத்தின் விதி தருமனுக்குத் தெரியாததல்ல. எதிரே அமர்ந்தவன் சகுனி.

கைப்பேசியில் எதிரே அமர்ந்தவர் எவரென்றே தெரியாது. கடன்பட்டு உயிர்விட்டோர் செய்திகள் பெருகவே 2020இல் தமிழக அரசு அவசரச் சட்டம் இயற்றிற்று. தொடர்ந்து வந்த திருத்தச் சட்டத்தை 2021 ஆகஸ்டில் சென்னை உயர்நீதிமன்றம் ரத்துசெய்தது. ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையிலான குழுவின் அறிக்கைக்குப்பின் உருவாகி, 2023 ஏப்ரலில் ஆளுநரின் ஒப்புதல் பெற்ற புதிய சட்டம், ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டங்களாகவே பட்டியலிட்டது. அவ்வாண்டு நவம்பரில் உயர்நீதிமன்றம் சட்டத்தை ஏற்று, அவ்விரண்டையும் திறமை ஆட்டங்கள் என்று கூறி விலக்களித்தது. மூணு சீட்டின் உறவுக்காரனாகிய போக்கர் இவ்வாறு ரம்மியின் பந்தியில் இடம்பிடித்தது.

2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம், இணையத்தில் பணம் வைத்து ஆடும் ஆட்டம் திறமை சார்ந்ததாயினும் அதிர்ஷ்டம் சார்ந்ததாயினும் ஒன்றே எனத் தடைவிதித்தது. இதயதுல்லா வகுத்த கோடு அதில் இல்லை. எங்கள் ஊர்த் திண்ணையில் துண்டை விரித்து ஆடுபவர்களுக்கோ, இன்றும் 1930ஆம் ஆண்டின் சூதாட்டச் சட்டமே.