மோதும் உருண்டைகளும் சனியின் வளையமும்

கெடாத் தோட்டப் பள்ளித் திடல்களில் கோலி விளையாடியவர்கள் அறிவர்: கண்ணாடிக் கோலி மோதினால் தெறித்து ஓடும், களிமண் உருண்டை மோதினால் அங்கேயே அமர்ந்துவிடும். கையால் தொடாமலே, மோதும் விதத்தைக் கொண்டு உருண்டையின் இயல்பை ஊகித்துவிடலாம். சனிக் கிரகத்தின் வளையத்தை ஆராய்ந்தோர் கைக்கொண்ட வழிகளுள் இதுவும் ஒன்று.

அவ்வளையம் ஒரே தகடன்று, எண்ணிறந்த தனித்தனித் துண்டுகளின் கூட்டம் என்பதை மாக்ஸ்வெல் 1859-இல் கணக்கால் காட்டினார். துண்டுகளில் நீர்ப் பனிக்கட்டி இருப்பதை 1970-இல் ஒளிப்பகுப்பு உணர்த்தியது. வியப்பு யாதெனில், முதன்மை வளையங்களின் குறுக்களவு இரண்டே முக்கால் லட்சம் கிலோமீட்டர். தடிப்போ பல இடங்களில் ஏறத்தாழ 10 மீட்டர்தான். நம் தோட்டத்து ரப்பர் மரத்தின் உயரம்கூட இல்லை! துண்டுகள் மோதி மிகுதியாகத் துள்ளினால் வளையம் உப்பிவிடும். உப்பாமல் காப்பது எது?

இங்கே ஒரு தமிழரின் பழைய ஆய்வு நினைவுக்கு வருகிறது. திருச்சிராப்பள்ளியில் பிறந்த சி. வி. இராமன், கல்கத்தாவில் பணியாற்றிய நாளில், மிக மெல்ல மோதும் உருண்டைகளின் அசைவை ஒளிப்படம் பிடித்து 1918-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். துள்ளல் அளவை மாறாத எண்ணாகவே நாம் பாடத்தில் படித்தோம். மோதும் வேகம் குறையக் குறைய அது உயர்ந்து ஒன்றை நெருங்குவதை அவர் காட்டினார். ஆனால் இராமன் சனியை எண்ணி இதைச் செய்தாரல்லர். வளைய ஆராய்ச்சிக்கு அவரே வித்திட்டார் என்று வகுப்பில் சொல்வது பொய்ப்பெருமை. அவர் அளந்த இயல்பு பின்னாளில் அங்கே பயன்பட்டது, அவ்வளவே.

1984-இல் கலிபோர்னியாவின் சாண்டா குரூசில் பிரிட்ஜஸ், ஹாட்சஸ், லின் ஆகிய மூவரும் பனிக்கட்டி உருண்டையை ஊசலில் பொருத்தி, கடுங்குளிரில் பனிக்கட்டியின்மீதே மோதவிட்டனர். வினாடிக்கு 1 சென்டிமீட்டர் வேகத்தில் மோதியது, அவ்வேகத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கோடுதான் திரும்பிற்று. வேகம் பத்திலொன்றானபோது பாதிக்கு மேல் மீண்டது. எனவே வளையத்தில் வேகம் கூடினால் மோதல் அதைத் தின்றுவிடும். மிகக் குறைந்தால் துள்ளல் அதைத் தாங்கும். மெல்லிய வளையம் மெல்லியதாகவே நிலைப்பதற்கு இக்கணக்கு பொருந்திவந்தது.

ஆயினும் சிக்கல் தீரவில்லை. வழவழப்பான பனிக்கட்டி ஒருவகையாகவும், மேலே உறைபனி படிந்தது வேறுவகையாகவும் மோதுவதைப் பின்வந்த பரிசோதனைகள் காட்டின. உறைபனி படிந்தவை குறைவாகவே துள்ளுகின்றன. மிக மெல்லத் தொட்டால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதுமுண்டு, நம் களிமண் உருண்டைகளைப் போல.