புதுவைத் தமிழர் தெருக்களும் திண்ணை மரபும்

கோயிலும் கோட்டையும் பெற்ற அளவிற்கு, மக்கள் குடியிருந்த தெருக்கள் வரலாற்றாசிரியர் கவனத்தைப் பெற்றதில்லை. எனினும் ஒரு காலத்து மக்கள் எவ்வாறு கூடி வாழ்ந்தனர் என்பதைத் தெருக்களே தெளிவாகக் காட்டுகின்றன. இவ்வகையில் புதுச்சேரியின் தமிழர் குடியிருப்புப் பகுதி எண்ணிப் பார்க்கத்தக்கது.

1674-இல் பிரெஞ்சுக்காரர் நிலைகொண்ட இவ்வூரை 1693-இல் ஒல்லாந்தர் கைப்பற்றினர். 1699 வரை நீடித்த அவர்தம் ஆட்சியில் நேர்கோட்டுத் தெருக்கள் கொண்ட நகர வரைவு தீட்டப்பெற்றது. 1761-இல் ஆங்கிலேயர் நகரை இடித்துத் தரைமட்டமாக்கினர். 1765-இல் அதனை மீளப்பெற்ற பிரெஞ்சுக்காரர் பழைய தெருவமைப்பின் மீதே மீண்டும் எழுப்பினர். கால்வாய்க்குக் கிழக்கே, கடலோரத்தில் ஐரோப்பியர் பகுதியும், மேற்கே தமிழர் பகுதியும் அமைந்தன.

ஐரோப்பியர் இல்லங்கள் உயர்ந்த மதிலுக்குள் ஒதுங்கி நின்றன. தமிழர் இல்லங்களோ தெருவிற்கு முகங்கொடுத்து நின்றன. தெருவோரத்தில் மரத்தூண்கள் தாங்கிய தாழ்வாரம், அதனையடுத்துத் திண்ணை, செதுக்கு வேலைப்பாடமைந்த கதவு, உள்ளே தூண்கள் சூழ்ந்த முற்றம் என்பது அவற்றின் அமைப்பு. தாழ்வாரம் வழிநடப்போர்க்கு நிழலாயிற்று. திண்ணை வந்தவர்க்கு இருக்கையாயிற்று. வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி நின்றமையால், ஒரு வீட்டின் நிழல் அடுத்த வீட்டிலும் தொடர்ந்தது. கீழ்த்தளம் தமிழ் மரபிலும் மேல்தளம் பிரெஞ்சுப் பாணியிலும் அமைந்த இல்லங்களும் உண்டு. துய்ப்ளேக்சின் துபாசியாகவும் நாட்குறிப்பாளராகவும் விளங்கிய ஆனந்தரங்கப் பிள்ளையின் (1709–1761) மாளிகை இக்கலப்பிற்குச் சான்று.

1908 முதல் 1918 வரை பாரதியார் வாழ்ந்ததும், 1891-இல் பாவேந்தர் பிறந்ததும் இவ்வூரிலேயே. ஈசுவரன் தருமராசா கோயில் தெருவிலும் பெருமாள் கோயில் தெருவிலும் அவர்தம் இல்லங்கள் நினைவகங்களாகியுள்ளன. ஆயினும் பாவலர் இல்லம் மட்டும் நிற்க, அண்டை வீடுகள் மறையுமாயின், அவர்கள் நடந்த தெரு எஞ்சாது. கடந்த பல ஆண்டுகளில் புதுவையின் பழைய வீடுகள் பல இடிக்கப்பட்டன. இந்நிலையில் வைசியாள் வீதியில் வீட்டு முகப்புகள் வரிசையாகச் சீரமைக்கப்பெற்று, அப்பணி 2008-இல் யுனெஸ்கோவின் ஆசிய–பசிபிக் மரபுரிமை விருதைப் பெற்றது. தனி வீட்டைக் காட்டிலும் முழுத் தெருவே காக்கத்தக்கது என்பதற்கு அது வழிகாட்டி.

பொழிச்சலூர் முதலிய சென்னைப் புறநகர்களிலும் ஓட்டு வீடுகள் இருந்த மனைகளில் அடுக்ககங்கள் எழுந்து வருகின்றன. எந்தத் தெருவில் எத்தகைய வீடு நின்றது, அதன் திண்ணையில் எவரெவர் கூடினர் என்பதை முதியோர் வாய்மொழியாகக் கேட்டு எழுதி வைத்தல், இலக்கிய அமைப்புகள் இன்றே மேற்கொள்ளத்தக்க பணியாகும்.