நியூஷாஷிகி

நியூஷாஷிகி என்பது ஜப்பானிய நிறுவனங்கள் புதிய பணியாளர்களை வரவேற்க நடத்தும் விழா ஆகும். நியூஷா நிறுவனத்தில் சேர்வதையும், ஷிகி சடங்கையும் குறிக்கும். அங்கு கல்வியாண்டு மார்ச்சில் முடிவதால், அவ்வாண்டுப் பட்டதாரிகள் பெரும்பாலும் ஏப்ரல் 1 அன்று ஒரே அணியாகப் பணியில் சேர்கின்றனர். நிறுவனத் தலைவர் உரையாற்றுவார். புதியவர்களுள் ஒருவர் அனைவர் சார்பிலும் ஏற்புரை கூறுவார். தொடரும் பயிற்சியில் குனிந்து வணங்குதல், பெயர் அட்டையை இரு கைகளாலும் கொடுத்து வாங்குதல் முதலியன கற்பிக்கப்படும். செர்ரி மலர் காணும் விருந்துக்குப் பூங்காவில் முன்கூட்டியே விரிப்பு விரித்து இடம்பிடிப்பதும் பல அலுவலகங்களில் புதியவரின் பொறுப்பே. நம்மூர்ப் பேருந்தில் துண்டு போடுவதை இது நினைவூட்டும்.

நைத்தேய் எனப்படும் வேலை உறுதி, மாணவப் பருவத்திலேயே, பொதுவாக முந்தைய அக்டோபரில் முறைப்படி அளிக்கப்படும். அதை நிறுவனம் விரும்பியபடி திரும்பப் பெற இயலாது. தாய் நிப்பான் அச்சு நிறுவன வழக்கில் 1979இல் ஜப்பானிய உச்ச நீதிமன்றம் அதனை வேலை ஒப்பந்தமாகவே கருதித் தீர்ப்பளித்தது. வளாகத் தேர்வில் வேலை பெற்று, சேரும் நாளுக்காகக் காத்திருக்கும் தமிழகப் பொறியியல் மாணவர்கள் இதனை ஒப்பிட்டு நோக்கலாம்.

எனினும், தன் ஆண்டின் அணியைத் தவறவிட்டவருக்கு மறுவாய்ப்பு அரிதாக இருந்தது. 1990களின் தொடக்கத்தில் பொருளாதாரம் சரிந்தபின், ஏறத்தாழ 2004 வரை பட்டம் பெற்றோருள் பலர் நிரந்தரப் பணியின்றித் தற்காலிக வேலைகளிலேயே தங்கிவிட்டனர். அக்காலம் "வேலைவாய்ப்புப் பனியூழி" என அழைக்கப்படுகிறது.