சீட்டு வாங்கினோரும் சாட்சி பகர்ந்தோரும்

ஆதித் திருச்சபையின் இரத்தசாட்சிகளைக்குறித்து நாம் பிரசங்கிக்கும்போது பெரும்பாலும் அவர்களுடைய மரணத்தையே எடுத்துப் பேசுகிறோம். சிங்கமும் தீயும் வாளும் பேசப்படுகின்றன, கேட்போர் கண்ணீர் விடுகின்றனர், "நாமோ?" என்னும் கேள்வியோடு ஆராதனை முடிகிறது. இவ்வகைப் பிரசங்கம் தவறென்று நாம் சொல்லவில்லை. ஆயினும் அச்சரித்திரங்களில் பாதியை மட்டும் படித்துவிட்டு மறுபாதியை மூடிவைக்கிறோம். இரத்தசாட்சிகளின் காலத்தில் விழுந்துபோனவர்களும் இருந்தார்கள். எண்ணிக்கையில் அவர்களே மிகுதி. அவர்களைத் திருச்சபை என்ன செய்தது என்பதையும் சேர்த்துப் படித்தாலன்றி, சாட்சிகளின் தைரியம் இன்னதென்று நமக்கு விளங்காது.

கி.பி. 177இல் காலியா நாட்டு லியோன் நகரில் நிகழ்ந்த துன்பத்தை எடுத்துக்கொள்வோம். லியோன், வியன்னா சபைகள் ஆசியா, பிரிகியா சபைகளுக்கு எழுதிய நிருபத்தை யூசேபியஸ் தமது சபைச் சரித்திரத்தின் ஐந்தாம் புத்தகத்தில் காத்துவைத்திருக்கிறார். பிளாந்தினா என்னும் அடிமைப்பெண்ணின் உறுதியை அறியாத இறையியல் மாணவர் இரார். ஆனால், முதல் விசாரணையிலேயே ஏறக்குறையப் பத்துப்பேர் மறுதலித்தார்கள் என்பதை அதே நிருபம் ஒளிக்காமல் சொல்லுகிறது. மறுதலித்தவர்களுக்கு விடுதலையும் கிடைக்கவில்லை; குற்றவாளிகளென்று அவர்களும் அதே சிறையில் அடைக்கப்பட்டார்கள். அங்கே உறுதியாய் நின்றவர்கள் விழுந்தவர்களைப் பார்த்து முகந்திருப்பவில்லை. அவர்களுக்காகக் கண்ணீரோடு ஜெபித்தார்கள். தங்களைச் "சாட்சிகள்" என்று அழைப்பதையும் வேண்டாமென்று தடுத்தார்கள். பின்பு, மறுதலிப்போரை விடுவிக்கலாம் என்று இராயனுடைய கட்டளை வந்து மறுவிசாரணை நடந்தபோது, முன்பு விழுந்தவர்களில் பெரும்பாலோர் எழுந்து நின்று அறிக்கை செய்தனர். பிபிலிஸ் என்னும் பெண்ணும் முதலில் மறுதலித்துப் பின்பு சித்திரவதையின் நடுவில் தெளிவடைந்து மரித்தவளே. அச்சிறைச்சாலையில் நடந்தது தைரியத்தின் கதை மட்டுமன்று. தைரியமுள்ளவர்கள் தைரியமற்றவர்களை விட்டுவிடாத கதையும் ஆகும்.

சிமிர்னாவின் பொலிக்கார்ப்புவைப்பற்றிய நிருபமும் இவ்வாறே. குவிந்து என்னும் பிரிகியன் தானாகவே முன்வந்து, பிறரையும் தூண்டினான். காட்டுமிருகங்களைக் கண்டவுடன் அஞ்சிப் பலியிட்டான். பொலிக்கார்ப்புவோ சகோதரர் வேண்டிக்கொண்டபடி ஒரு பண்ணைவீட்டுக்கு ஒதுங்கியிருந்தார். பிடிக்க வந்தவர்களுக்கு உணவளித்துவிட்டு, ஜெபிக்க நேரம் கேட்டார். தானாய்ச் சென்று சாவைத் தேடுவதைச் சிமிர்னா சபை மெச்சவில்லை.

இனி நாம் சற்று நிதானித்துப் பார்க்கவேண்டியது டேசியஸ் இராயனின் காலம். கி.பி. 249இல் அரியணை ஏறிய அவர், பேரரசின் குடிகள் அனைவரும் தேவர்களுக்குப் பலியிட்டு அதற்குச் சான்றுச் சீட்டுப் பெறவேண்டுமென்று ஆணை பிறப்பித்தார். எகிப்தின் மணலிலிருந்து இச்சீட்டுகளில் நாற்பதுக்கும் மேற்பட்டவை கிடைத்துள்ளன. 1893இல் முதன்முதல் அச்சேறிய சீட்டு, ஒரு சிற்றூரைச் சேர்ந்த ஔரேலியஸ் தியோகெனஸ் என்பவருடையது. காலம் 250 ஜூன் 26. வயது 72 என்றும், வலப்புருவத்தில் தழும்பு என்றும் அதில் எழுதியிருக்கிறது. நம் பள்ளிக்கூட மாற்றுச் சான்றிதழில் அங்க அடையாளம் எழுதுவதுபோலத்தான்! தான் எப்போதும் தேவர்களுக்குப் பலியிட்டு வந்ததாகவும், இப்போதும் அதிகாரிகள் முன்னிலையில் பானபலி வார்த்துப் படைத்ததை உண்டதாகவும் விண்ணப்பதாரர் கூறுகிறார்; கீழே அதிகாரியின் கையொப்பம். முதலைத் தெய்வத்தின் பூசாரினி ஒருத்தியின் சீட்டும் கிடைத்திருப்பதால், இது கிறிஸ்தவர்களிடம் மட்டுமன்றி எல்லாரிடமும் கேட்கப்பட்டதென்று தெரிகிறது.

கார்த்தேஜ் நகரில் திரளான கிறிஸ்தவர்கள் பலிபீடத்துக்கு ஓடினார்கள். வேறு பலர் பலியிடாமலேயே பணம் கொடுத்துச் சீட்டை மட்டும் பெற்றுக்கொண்டார்கள். பேராயர் சிப்பிரியான் நகரைவிட்டு மறைந்து, நிருபங்களால் சபையை நடத்தினார். மேய்ப்பன் ஓடிப்போனான் என்று ரோமாபுரிவரை பேச்சு எழுந்தது. துன்பம் தணிந்தபின் 251இல் கூடிய ஆயர் சங்கம், ஒவ்வொருவருடைய காரியத்தையும் தனித்தனியே விசாரிக்கவேண்டுமென்று முடிவுசெய்தது. விரும்பி ஓடியவன் வேறு, வெகுநேரம் போராடித் தோற்றவன் வேறு என்று சிப்பிரியான் பிரித்துக் காட்டுகிறார். மனைவி மக்களையும் வீட்டாரையும் காப்பதற்காகத் தான் ஒருவனே சென்று பலியிட்டு, பின்பு ஓடிவந்த சகோதரருக்குத் தன் வீட்டில் அடைக்கலம் கொடுத்தவனும் உண்டு என்கிறார். சீட்டு மட்டும் வாங்கினவர்களை விசாரித்துச் சேர்த்துக்கொண்டார்கள். பலியிட்டவர்கள் நெடுநாள் மனந்திரும்புதலில் நிற்கவேண்டியதாயிற்று. விழுந்தவனுக்கு இனிச் சபையில் இடமே இல்லையென்று சொன்ன நோவாசியன் ரோமாபுரியில் தனிச்சபை கண்டார். அவருடைய சபை சுத்தமுள்ளதாயிருந்திருக்கலாம். மேய்ப்புள்ளதாயிருந்ததென்று சொல்ல நமக்கு நாவு எழவில்லை.

இச்சான்றுச் சீட்டைப்பற்றிப் படிக்கிற நம் நாட்டுப் போதகருக்கு வேறொரு சான்றிதழ் நினைவுக்கு வராமற்போகாது. 1950 ஆகஸ்டு 10இல் பிறந்த குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி, இந்து சமயத்தைச் சாராத ஒருவரைத் தாழ்த்தப்பட்டோர் பட்டியலில் சேர்க்கலாகாதென்றது. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் அக்கதவு திறக்கப்பட்டது, கிறிஸ்தவருக்குத் திறக்கப்படவில்லை. தமிழ்நாட்டில் ஞானஸ்நானம் பெற்ற ஆதிதிராவிடர் பிற்படுத்தப்பட்டோராக எண்ணப்படுகிறார். கல்வராயன் மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினர் ஒருவர் கிறிஸ்தவரானால் பழங்குடிப் பட்டியலிலேயே இருப்பார். மலையினின்று இறங்கி நைனார்பாளையம் பக்கத்துச் சேரியில் ஒருவர் கிறிஸ்தவரானால் பட்டியலினின்று நீங்கிப்போவார். ஒரே மாவட்டத்தில், ஒரே வேதபுத்தகத்தைப் படிக்கும் இருவருக்குள் இந்த வேற்றுமை!

ஆகவே சபைப் பதிவேட்டில் ஒரு பெயரும் பள்ளிப் பதிவேட்டில் ஒரு பெயருமாக வாழும் குடும்பங்கள் தமிழ்நாட்டுக் கிராமச் சபைகளில் உண்டு. ஊழியத்திலிருப்போர் இதை அறிவர், அறிந்தும் பேசார். 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம், புதுச்சேரியைச் சேர்ந்த ஒருவருடைய வழக்கில், உண்மையான நம்பிக்கையின்றி இட ஒதுக்கீட்டுக்காக மட்டும் இந்துவென்று கூறுவது அரசியலமைப்புக்கே செய்யும் மோசடி என்றது. ஞானஸ்நானமும் தவறாத ஆலய வருகையும் அவ்வழக்கில் எதிர்ச்சான்றுகளாயின. நாம் எழுதும் ஞானஸ்நானப் பதிவேடு நம் சபையார்க்கு விரோதமான சாட்சியாக நிற்கக்கூடுமென்றால், அதை எழுதும் போதகரின் கை நடுங்காதா?

இவ்விரண்டு சீட்டுகளும் ஒன்றே என்று நாம் சொல்லத் துணியோம். டேசியஸ் கேட்டது தேவர்களுக்குப் பலி. கொடாதவனுக்குச் சிறையும் மரணமும். இங்கே எவரும் பலிபீடத்தண்டை இழுக்கப்படுவதில்லை. இங்கே நிறுத்தப்படுவது, சாதியால் நேர்ந்த தாழ்வுக்கு ஈடாக அரசு கொடுக்கும் உதவி. ஞானஸ்நானத்தோடு அத்தாழ்வு தீர்ந்துவிட்டதென்று சட்டம் கருதுகிறது. தேநீர்க்கடையும் ஊர்த்தெருவும் அவ்வாறு கருதுவதில்லை. பேர் மாற்றிக் கொடுக்கும் தகப்பன் கிறிஸ்துவை மறுதலிக்கிறானா, மகளின் கல்லூரிக் கட்டணத்தை நினைக்கிறானா என்று பிரசங்க பீடத்தில் நின்று தீர்ப்புச் சொல்வது எளிது. பொய் பொய்தான் என்பதையும் நாம் மறைக்கவில்லை. ஆனால், அறிக்கை செய்வதன் விலையை அவன் ஒருவனே கொடுக்கும்படி விட்டுவிட்ட சபைக்கு, பிளாந்தினாவை அவனுக்கு முன் நிறுத்திக் கேள்வி கேட்க என்ன உரிமை உண்டு?

இவ்விடத்தில் நம் பகுதியின் சபைச் சரித்திரமும் பேசவேண்டியதாகிறது. ஆற்காடு லுத்தரன் திருச்சபையின் தொடக்கம் ஒரு சாதி வழக்கிலிருந்தே வருகிறது. சபைக்குள் சாதி வேறுபாட்டைப் பொறுத்துக்கொண்ட லைப்சிக் மிஷனோடு ஒத்துப்போகமாட்டாமல் விலகிய கார்ல் ஓக்ஸ், 1861இல் மேல்பட்டாம்பாக்கத்தில் பெத்தானியா என்னும் ஊழியத்தளத்தைத் தொடங்கினார். பின்னர் டேனிஷ் மிஷன் சங்கம் அவருக்குத் துணைநின்றது. தென்னாற்காட்டு ஊழியம் அவ்வாறு வளர்ந்தது. அவர் இரத்தம் சிந்தவில்லை. சம்பளத்தையும் சங்கத்தையும் விட்டார். ரோமன் கத்தோலிக்கச் சகோதரரும் இதனை வேறு வழியில் சந்தித்தனர். 1745இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்று, 1752 ஜனவரி 14இல் ஆரல்வாய்மொழியை அடுத்த காற்றாடிமலையில் சுட்டுக்கொல்லப்பட்ட தேவசகாயம், 2022 மே 15இல் புனிதராக அறிவிக்கப்பட்டார். அதற்கு முன்பே, அவர் பெயரோடு ஒட்டியிருந்த "பிள்ளை" என்னும் சாதிப்பட்டம் நீக்கப்பட்டது. இரத்தசாட்சிக்குங்கூடச் சாதிப்பெயர் இத்தனை காலம் கூடவே நடந்தது என்பதை நாம் கவனிக்கவேண்டும்.

2022 அக்டோபரில் இந்திய அரசு முன்னாள் தலைமை நீதிபதி கே. ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இவ்விஷயத்தை ஆராய ஆணையம் அமைத்தது. ஆணையமும் நீதிமன்றமும் எதைச் சொன்னாலும், 251இன் சங்கம் செய்த வேலை போதகருக்கு மீந்திருக்கிறது: வீடுவீடாய்ச் சென்று, எவன் எதற்காகச் சீட்டு வாங்கினான் என்று கேட்பது. அப்படிக் கேட்கச் செல்பவர் வெறுங்கையாய்ச் செல்லலாகாது. திருமண்டலப் பள்ளிகளிலும் விடுதிகளிலும் இப்பிள்ளைகளுக்கு எத்தனை இடம், எவ்வளவு கட்டணச் சலுகை என்பதையும் அவர் கையில் எழுதிக்கொண்டு போகவேண்டும்.

மறுபடியும் துன்பகாலம் நெருங்குவதைக் கண்ட ஆப்பிரிக்க ஆயர்கள், ஓரிரு ஆண்டுகளுக்குள் தங்கள் தீர்ப்பைத் தளர்த்தி, மனந்திரும்பி நின்ற அனைவரையும் திருவிருந்துக்குச் சேர்த்துக்கொண்டார்கள். கிறிஸ்துவின் இரத்தத்தை ஒருவனுக்குக் கொடாமல், கிறிஸ்துவுக்காக உன் இரத்தத்தைக் கொடு என்று அவனைக் கேட்பது எப்படி என்பதே அவர்கள் சொன்ன நியாயம். ஓடிப்போனவர் என்று பேசப்பட்ட சிப்பிரியான், 258 செப்டம்பர் 14இல் கார்த்தேஜுக்குப் புறம்பே வாளால் வெட்டுண்டார். வெட்டினவனுக்கு இருபத்தைந்து பொற்காசு கொடுக்கச் சொன்னார். சபையார் அவருக்கு முன்பாகத் தங்கள் துணிகளையும் கைக்குட்டைகளையும் விரித்தனர்.