மாஸ் எஃபெக்ட்: கமாண்டர் ஷெப்பர்டு திரும்பி வருவாரா? வந்தால் உங்கள் கிளைமாக்ஸ் என்ன ஆகும்?

'மாஸ் எஃபெக்ட்' வீடியோ கேம் வரிசையின் அடுத்த பாகம் தயாராகி வருவதாக பயோவேர் நிறுவனம் 2020 நவம்பரில் அறிவித்தது. அன்றிலிருந்து ரசிகர்கள் கேட்பது ஒரே கேள்விதான். முதல் மூன்று பாகங்களின் நாயகரான கமாண்டர் ஷெப்பர்டு திரும்பி வருவாரா?

"அவர்தான் மூணாவது பாகத்துலேயே செத்துப் போயிட்டாரே" என்று நீங்கள் சொல்லலாம். "இல்லையே, கடைசியில மூச்சு விட்டாரே" என்று உங்கள் நண்பர் சொல்லலாம். இரண்டு பேர் சொல்வதும் சரி. சிக்கலே அங்கேதான் இருக்கிறது.

இன்னும் விளையாடாதவர்கள் கவனிக்க: கதையின் கிளைமாக்ஸ் கீழே வெளிப்படையாகச் சொல்லப்பட்டிருக்கிறது.

யார் இந்த ஷெப்பர்டு?

2007, 2010, 2012 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்த மூன்று கேம்களிலும் நீங்கள் ஆடும் கதாபாத்திரம்தான் ஷெப்பர்டு. கதை நடப்பது 22-ஆம் நூற்றாண்டில். 50,000 ஆண்டுகளுக்கு ஒருமுறை வந்து, வளர்ந்த நாகரிகங்களை எல்லாம் அழித்துவிட்டுப் போகும் ரீப்பர்கள் என்ற ராட்சத இயந்திரங்களை இவர் தடுக்க வேண்டும்.

ஷெப்பர்டு என்ற குடும்பப் பெயரும் ராணுவப் பதவியும் மட்டும்தான் எல்லோருக்கும் பொது. ஆணா பெண்ணா, முகம் எப்படி, எங்கே வளர்ந்தவர், யாரைக் காதலிக்கிறார் என்பதெல்லாம் உங்கள் விருப்பம். ஆண் ஷெப்பர்டுக்கு மார்க் மீரும், பெண் ஷெப்பர்டுக்கு ஜெனிஃபர் ஹேலும் குரல் கொடுத்தார்கள். தமிழில் 'அவர்' என்று எழுதி நாம் தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் கேமுக்கு ஏதாவது ஒரு முகமும் குரலும் தேவை.

முதல் பாகத்தில் நீங்கள் எடுத்த முடிவுகள், சேமித்த கோப்பின் வழியாக அடுத்தடுத்த பாகங்களுக்கு வந்துவிடும். ரெக்ஸ் என்ற குரோகன் வீரர் முதல் பாகத்திலேயே சாகலாம். அவர் செத்திருந்தால் மூன்றாம் பாகத்தில் அவருடைய இடத்தில் ரீவ் என்ற இன்னொரு குரோகன் நிற்பார். ராக்னி ராணியை நீங்கள் கொன்றிருந்தால், ரீப்பர்கள் செயற்கையாக உருவாக்கிய வேறொரு ராணி வரும். அதாவது, யார் செத்தாலும் கதை நகர ஒரு மாற்று ஆள் இருந்தார். ஷெப்பர்டுக்கு மட்டும் அப்படி யாரும் கிடையாது.

நான்கு கிளைமாக்ஸ், நான்கு ஷெப்பர்டுகள்

மூன்றாம் பாகத்தின் கடைசியில் உங்கள் முன் இருக்கும் வழிகள் இவை.

அழித்தல்: ரீப்பர்கள் அழிவார்கள். கூடவே கெத் இனமும், உங்கள் கப்பலின் செயற்கை நுண்ணறிவான ஈடியும் அழிவார்கள். போருக்கு நீங்கள் போதுமான படைபலம் திரட்டியிருந்தால், இடிபாடுகளுக்கு நடுவே என்7 கவசம் அணிந்த ஓர் உடல் ஒரு மூச்சை இழுப்பதைப் பார்க்கலாம். அத்துடன் காட்சி முடிந்துவிடும்.

கட்டுப்படுத்தல்: ஷெப்பர்டின் உடல் அழிந்துவிடும். அவருடைய மனம் ரீப்பர்களை ஆளும் சக்தியாக மாறும்.

இணைத்தல்: ஷெப்பர்டு தன்னையே கொடுக்கிறார். உயிருள்ளவையும் இயந்திரங்களும் ஒன்று கலக்கின்றன.

மறுத்தல்: மூன்றும் வேண்டாம் என்று சொன்னால் ரீப்பர்கள் ஜெயிப்பார்கள். அடுத்த யுகத்தில் வருபவர்கள்தான் அவர்களை வெல்வார்கள். இந்த வழி, 2012 ஜூனில் இலவசமாக வந்த கூடுதல் பகுதியில் சேர்க்கப்பட்டது.

நான்கில் ஒரே ஒரு வழியில், அதிலும் நிபந்தனையோடு மட்டும்தான் ஷெப்பர்டு உடலோடு பிழைக்கிறார்.

செத்தவரை எழுப்ப முடியாதா?

முடியும். ஏற்கெனவே எழுப்பியும் இருக்கிறார்கள். இரண்டாம் பாகம் தொடங்கிய சில நிமிடங்களிலேயே ஷெப்பர்டு இறந்துபோகிறார். செர்பெரஸ் என்ற அமைப்பு இரண்டு ஆண்டுகள் உழைத்து அவருக்கு மறுபடி உயிர் கொடுக்கிறது. டிவி சீரியல்களில் செத்தவர் திரும்பி வருவதைப் பார்த்துப் பழகிய நமக்கு இதெல்லாம் பெரிய விஷயமே இல்லை.

ஆக, மரணம் இங்கே தடை இல்லை. நான்கு கிளைமாக்ஸில் பிரபஞ்சமே நான்கு விதமாக மாறிவிடுகிறது. 'இணைத்தல்' நடந்த உலகில் செடிகொடி வரை எல்லாமே வேறு. ஷெப்பர்டைத் திரும்பக் கூட்டிவர வேண்டுமென்றால், எந்த உலகத்துக்குள் என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும்.

மற்ற கேம்கள் என்ன செய்தன?

இதே சிக்கலில் மாட்டியவர்கள் ஆளுக்கொரு வழியைப் பிடித்தார்கள்.

முதல் வழி, எல்லா கிளைமாக்ஸையும் கலந்துவிடுவது. 2003-ல் வந்த 'டியஸ் எக்ஸ்: இன்விசிபிள் வார்' முந்தைய கேமின் மூன்று கிளைமாக்ஸ்களையும் ஒன்றாகக் குழைத்து, அதுதான் நடந்தது என்றது.

இரண்டாவது, ஒன்றை மட்டும் வைத்துக்கொள்வது. 'தி விட்சர் 3'-ல் சிரி பேரரசியாகலாம், விட்சராகலாம், திரும்பாமலேயே போகலாம். 2024 டிசம்பரில் அறிமுகமான 'தி விட்சர் 4'-ல் அவர் விட்சராகவே நாயகியாக நிற்கிறார்.

மூன்றாவது, நடந்ததைக் கண்டுகொள்ளாமல் விடுவது. பயோவேரின் சொந்தக் கேமான 'டிராகன் ஏஜ்: ஆரிஜின்ஸ்' 2009-ல் வந்தது. அதில் லெலியானாவை நீங்களே கொன்றிருக்கலாம். இருந்தாலும் 2014-ல் வந்த 'இன்குவிசிஷன்' கேமில் அவர் முக்கியப் பொறுப்போடு வந்து நிற்பார்.

நான்காவது, ஆட்டத்தின் தொடக்கத்திலேயே உங்களிடம் கேட்டுக்கொள்வது. 2024-ல் வந்த 'டிராகன் ஏஜ்: தி வேல்கார்டு' அப்படித்தான் செய்தது. ஆனால் அது கேட்டது முந்தைய கேமின் மூன்றே மூன்று முடிவுகளை. "அவ்ளோதானா?" என்று பழைய ரசிகர்கள் பலர் நொந்துபோனார்கள்.

ஐந்தாவது, ஊரையே காலி செய்துவிடுவது. 2017-ல் வந்த 'மாஸ் எஃபெக்ட்: ஆண்ட்ரோமீடா'வில், மூன்றாம் பாகத்தின் போர் தொடங்கும் முன்பே மக்கள் வேறொரு விண்மீன் மண்டலத்துக்குக் கிளம்பி, 600 ஆண்டுகளுக்கு மேல் உறங்கிப் போய்ச் சேர்கிறார்கள். உங்கள் கிளைமாக்ஸ் எதுவாக இருந்தாலும் அந்தக் கதைக்குப் பாதிப்பு இல்லை. அதே சமயம், ஷெப்பர்டுக்கு அங்கே இடமும் இல்லை.

புதிய பாகம் பற்றி என்ன தடயங்கள் உள்ளன?

2020 டிசம்பரில் வந்த டீசரில், ஷெப்பர்டின் தோழி லியாரா பனி மலையில் ஏறி, உடைந்த என்7 கவசத் துண்டு ஒன்றை எடுத்துப் பார்த்துப் புன்னகைக்கிறார். லியாரா அசாரி இனத்தவர். அவர்கள் ஏறக்குறைய 1,000 ஆண்டுகள் வாழ்வார்கள் என்பதால், போர் முடிந்து எத்தனை காலம் ஆகிறது என்பதை அவர் முகத்தை வைத்து மட்டும் சொல்லிவிட முடியாது. அந்த டீசரில் உயிரற்றுக் கிடக்கும் ரீப்பர் ஒன்றும் தெரிகிறது. 'அழித்தல்' வழியை ஆதரிப்பவர்கள் கையில் எடுக்கும் முதல் சாட்சி அதுதான்.

2021-ல் வந்த போஸ்டரில், தரையில் தெரியும் பள்ளம் கெத் ஒன்றின் வடிவத்தை ஒத்திருந்தது. 'அழித்தல்' தான் நடந்தது என்றால் கெத்துகள் எப்படி வரும் என்று எதிர்த் தரப்பு கேட்கிறது. 2023 டீசரில் வந்த ஒருவர் என்7 அடையாளம் உள்ள நீண்ட கோட்டும், முகத்தை மறைக்கும் ஹெல்மெட்டும் அணிந்திருந்தார். என்7 என்பது ஒரு ராணுவத் தகுதி. அதை அணிந்தவரெல்லாம் ஷெப்பர்டு என்று சொல்லிவிட முடியாது.

இன்னொரு தடயம், அமேசான் தயாரிக்கும் 'மாஸ் எஃபெக்ட்' தொடர். அதன் கதை மூன்று பாகங்களுக்குப் பிறகு நடக்கும் என்றும், ஷெப்பர்டின் கதையை மறுபடி சொல்லாது என்றும் பயோவேர் தெரிவித்திருக்கிறது. ஷெப்பர்டின் கதை ஆடியவர்களுக்குச் சொந்தமானது என்பது நிறுவனம் சொன்ன காரணம்.

ஒரு கேமுக்கா இவ்வளவு பதற்றம்?

மூன்று பாகங்களையும் முடிக்க 100 மணி நேரம்கூட ஆகலாம். அவ்வளவு நேரம் யோசித்து யோசித்து எடுத்த முடிவுகளுக்குக் கடைசியில் மதிப்பில்லாமல் போனால் கோபம் வரும்தானே? 2012-ல் அது நடந்தது. மூன்றாம் பாகத்தின் கிளைமாக்ஸ்கள் நிறத்தில் மட்டும்தான் வேறுபடுகின்றன என்று கொதித்த ரசிகர்கள், பயோவேர் அலுவலகத்துக்கு சுமார் 400 கப் கேக்குகளை அனுப்பினார்கள். சிவப்பு, நீலம், பச்சை என்று மூன்று நிறம், ஆனால் எல்லாமே ஒரே வெனிலா சுவை. அந்த எதிர்ப்புக்குப் பிறகுதான் கூடுதல் பகுதியே வந்தது.

முகமும் ஒரு பிரச்சினை. பயோவேர் 2021-ல் வெளியிட்ட கணக்கின்படி, 68 விழுக்காட்டினர் ஆண் ஷெப்பர்டாகவும், 32 விழுக்காட்டினர் பெண் ஷெப்பர்டாகவும் ஆடியிருக்கிறார்கள். ஒரே ஒரு ஷெப்பர்டைத் திரையில் காட்டினால், மூன்றில் ஒருவருக்காவது அது அந்நிய முகம்.

அப்போ, வருவாரா மாட்டாரா?

பயோவேர் இன்னும் உறுதி செய்யவில்லை. ஆனால் கதையின் கணக்குப்படி, ஷெப்பர்டு உடலோடு நடந்து வர வேண்டுமென்றால் 'அழித்தல்' தான் நடந்தது என்று நிறுவனம் முடிவு செய்வதே எளிது. அப்படிச் செய்தால் மற்ற வழிகளைத் தேர்ந்தவர்களின் கதை தள்ளுபடி ஆகிவிடும். வேறொரு நாயகரை வைத்து, ஷெப்பர்டை நினைவாகவும் சிலையாகவும் பிறர் பேச்சிலும் மட்டும் வைத்துக்கொண்டால், உங்கள் கிளைமாக்ஸ் பெருமளவு தப்பிக்கும். ஆனால் ஷெப்பர்டு உங்களுக்குக் கிடைக்க மாட்டார்.

அடுத்த டிரெய்லர் வரும்போது மூன்றைக் கவனியுங்கள். கெத்துகள் உயிரோடு இருக்கிறார்களா? ரீப்பர்கள் அசைகிறார்களா? ஷெப்பர்டைப் பற்றி யாராவது பேசினால், ஆண் என்றோ பெண் என்றோ தெரியும்படி பேசுகிறார்களா? முதல் இரண்டும் எந்த கிளைமாக்ஸ் பிழைத்தது என்று காட்டும். மூன்றாவது, யாருடைய ஷெப்பர்டு பிழைத்தார் என்று காட்டிவிடும்.